பாலையில் நடந்த மூவர்

ஹதீஸ் நூலொன்றைத் திறந்தால் முதலில் நம் கண்ணில் படுவது பெயர்களின் வரிசை. இன்னார் எமக்கு அறிவித்தார், அவருக்கு இன்னார் அறிவித்தார் என நீளும் அவ்வரிசையை இஸ்னாத் என்கிறோம். நம் மாணவர்களுள் பலர் அதை விரைந்து கடந்து மூலவாசகத்துக்குச் சென்றுவிடுகின்றனர். ஆனால் அவ்வரிசையில் ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் இடையே சில வேளைகளில் ஒரு பாலைவனமே கிடக்கிறது. அதைக் கால்நடையாய்க் கடந்த மாணவர் மூவரின் வரலாற்றை இங்கே காண்போம்.

கல்வி தேடி ஊர்விட்டு ஊர் செல்லுதல் அறபியில் ‘ரிஹ்லா’ எனப்படும். மார்க்க விளக்கம் பெறுவதற்காக ஒவ்வொரு கூட்டத்தாரிலிருந்தும் ஒரு குழுவினர் புறப்பட வேண்டும் என்னும் கருத்தை அத்தவ்பா அத்தியாயத்தின் 122ஆம் வசனத்திலிருந்து அறிஞர்கள் எடுத்துரைத்தனர். நபித்தோழர் ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்கள் ஒட்டகம் ஒன்றை வாங்கி, ஒரு மாத காலம் பயணம் செய்து, ஷாம் நாட்டிலிருந்த அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களிடம் ஒரே ஒரு ஹதீஸைக் கேட்டறிந்தார்கள். இத்தகைய பயணங்களைத் தொகுத்து, ஹிஜ்ரி 463இல் மறைந்த கதீப் அல்பக்தாதீ (ரஹ்) அவர்கள் தனி நூலே எழுதினார்கள்.

இப்பயணங்களுக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, ஸனதில் இடையாட்கள் குறையக் குறையப் பிழை நேரும் வாய்ப்பும் குறைகிறது. ஆகவே உயிரோடிருக்கும் மூத்த அறிவிப்பாளரை நேரில் கண்டு கேட்பதை மாணவர்கள் பெரும்பேறாகக் கருதினர். மற்றொன்று, அறிவிப்பாளரின் நினைவாற்றலையும் நேர்மையையும் எடைபோட வேண்டுமாயின், அவரை அவருடைய ஊரிலேயே பார்த்து விசாரிக்க வேண்டும். இந்த எடைபோடும் கலைக்கே ‘அல்ஜர்ஹு வத்தஃதீல்’ என்று பெயர். இக்கலையின் தலையாய இமாம்களுள் ஒருவர் அபூ ஹாத்திம் அர்ராஸீ (ரஹ்) அவர்கள்.

இன்றைய தெஹ்ரானுக்கு அருகிலிருந்த ரய் நகரில் ஹிஜ்ரி 195இல் பிறந்த அபூ ஹாத்திம், ஹிஜ்ரி 213இல் இளைஞராக ஊரைவிட்டுப் புறப்பட்டார்கள். திரும்பி வந்தது 221இல். அந்த முதற்பயணத்தில் தாம் நடந்த தொலைவை ஆயிரம் ஃபர்ஸக் வரை எண்ணி, அதற்குமேல் எண்ணுவதை விட்டுவிட்டதாக அவர்களே கூறியுள்ளார்கள். ஒரு ஃபர்ஸக் ஏறத்தாழ ஐந்தரை கிலோமீட்டர். ஹிஜ்ரி 214இல் பஸ்ராவில் ஓராண்டு தங்கிப் படிக்க எண்ணினார்கள். எட்டு மாதங்களில் கைப்பொருள் தீர்ந்தது. உடைகளை ஒவ்வொன்றாக விற்றார்கள். பின்னர் பட்டினியோடு ஆசிரியர்களின் வாசல்களுக்குச் சென்றுவந்தார்கள். உண்மையறிந்த தோழர் ஒருவர் தம்மிடம் எஞ்சியிருந்த ஒரே தீனாரில் பாதியை அவர்களுக்குக் கொடுத்தார்.

நாம் சொல்ல வந்த நிகழ்ச்சி மதீனாவிலிருந்து மிஸ்ருக்குச் சென்ற வழியில் நடந்தது. குழுவில் இருந்தவர்கள் மூவர்: அபூ ஹாத்திம், மர்வுர்ரூத் ஊரைச் சேர்ந்த அபூ ஸுஹைர் என்னும் முதியவர், நைஸாபூரைச் சேர்ந்த மற்றொருவர். மதீனாவின் துறைமுகமாயிருந்த ஜாரில் கப்பலேறினர். எதிர்க்காற்று வீசியது. மூன்று மாதங்கள் கடலிலேயே கழிந்தன. உணவு பெரும்பாலும் தீர்ந்துபோகவே, கரையிறங்கி நடக்கத் தொடங்கினர். சில நாள்களில் எஞ்சியிருந்த உணவும் தண்ணீரும் தீர்ந்தன. அதன்பின் பகலெல்லாம் நடப்பர். மாலையானதும் தொழுதுவிட்டு, நின்ற இடத்திலேயே விழுந்துகிடப்பர்.

மூன்றாம் நாள் முதியவர் மயங்கி விழுந்தார். அசைத்துப் பார்த்தும் நினைவு திரும்பவில்லை. அவரை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் நடந்தனர். ஒன்றிரண்டு ஃபர்ஸக் தொலைவில் அபூ ஹாத்திமும் மயங்கி விழ, நைஸாபூர்க்காரர் தனியே நடந்தார். அப்போது தொலைவில், மூஸா (அலை) அவர்களின் பெயரால் வழங்கும் கிணற்றருகே, சிலர் தம் கப்பலைக் கரைக்குக் கொண்டுவந்து இறங்கியிருப்பதைக் கண்டார். தம் ஆடையை வீசிக் காட்டினார். அவர்கள் தண்ணீரோடு ஓடிவந்தனர்.

அடுத்து நடந்ததுதான் நம் சிந்தனைக்குரியது. தாகம் தணிந்த அம்மனிதர் முதலில் சொன்னது, தமக்குப் பின்னால் இரு தோழர்கள் மயங்கிக் கிடக்கிறார்கள் என்பதே. முகத்தில் நீர் பட்டுக் கண்விழித்த அபூ ஹாத்திம் சில மிடறுகள் குடித்ததும், தமக்குப் பின்னால் ஒரு முதியவர் கிடக்கிறார் என்றார்கள். அவரை நாடி ஏற்கெனவே ஆட்கள் சென்றுவிட்டனர் என்று பதில் கிடைத்தது. மூவரும் பிழைத்தனர்.

இஸ்னாதின் இயல்பும் இதுவே அன்றோ! தன்னோடு நின்றுவிடாமல், தனக்குப் பின்னால் இருப்பவரைச் சுட்டிக்காட்டுவது அது. அவர் பின்னால் இருப்பவரைக் காட்டுவார். ஒருவர் வாய்மூடினாலும் வரிசை அறுந்துவிடும்.

இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். முதியவரை விட்டுவிட்டு நடந்தோம் என்பதை நமக்குச் சொன்னவர் அபூ ஹாத்திமே. மறைத்திருந்தால் அதை அறிவார் எவருமில்லை. ஆயிரக்கணக்கான அறிவிப்பாளர்களின் குறைகளைத் தயங்காமல் பதிந்த அவர்கள், தம் சொந்த வரலாற்றிலும் எதையும் பூசி மெழுகவில்லை. பிறரை எடைபோடும் தகுதி அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுவே விடை.

கப்பற்காரர்கள் அவர்களைச் சில நாள்கள் பேணி, ரொட்டியும் மாவும் தண்ணீரும் தந்து, ராயா என்னும் ஊரின் ஆளுநருக்குக் கடிதமும் எழுதிக்கொடுத்தனர். சீனாய் தீபகற்பத்தின் தென்மேற்குக் கரையில், இன்றைய அத்தூர் நகருக்கு அருகே இருந்த துறைமுகம் அது. வழியில் உணவு மீண்டும் தீர்ந்தது. கடல் ஒதுக்கிய, கேடயம் போன்ற ஆமை ஒன்றைக் கல்லால் உடைத்து, உள்ளிருந்த முட்டைக்கரு போன்ற மஞ்சள் பொருளைச் சிப்பிகளால் அள்ளிக் குடித்துப் பசியாறினர்.

ராயாவின் ஆளுநர் தம் இல்லத்திலேயே இடமளித்தார். நாள்தோறும் பரக்கத்தான உணவென்று சொல்லிச் சுரைக்காயும் ரொட்டியும் படைத்தார். மூவரில் ஒருவர் சலித்து, இறைச்சி வராதா எனப் பாரசீகத்தில் முணுமுணுத்தார். தம் பாட்டி ஹிராத்தைச் சேர்ந்தவர் என்றும், பாரசீகம் தமக்கும் தெரியும் என்றும் சொன்ன ஆளுநர், அதன்பின் இறைச்சியும் அளித்தார். வழியுணவும் கொடுத்து மிஸ்ருக்கு அனுப்பிவைத்தார்.

இந்நிகழ்ச்சியைத் தந்தையிடம் கேட்டுத் தம் நூலின் முன்னுரையான ‘தக்திமா’வில் பதிந்தவர், ஹிஜ்ரி 327இல் மறைந்த மகன் இப்னு அபீ ஹாத்திம் (ரஹ்). அந்நூலை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அச்சிட்டு உலகுக்கு அளித்தது நம் நாட்டு ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃப்.

இன்று ஒரு சொல்லைத் தட்டினால் ஹதீஸ் கைப்பேசித் திரையில் வந்து நிற்கிறது. அதைக் குறைகூற நாம் வரவில்லை, அதுவும் அருட்கொடையே. ஆயினும் ஸனதில் அபூ ஹாத்திமின் பெயர் இருக்கிறது. தண்ணீரோடு ஓடிவந்த கப்பற்காரர்களின் பெயர் எந்த ஸனதிலும் இல்லை. அவர்கள் ஓடிவராதிருந்தால் அப்பெயரும் அங்கு இருந்திராது. இஸ்னாதை வாசிக்கும்போது எழுதப்பட்டவர்களுக்காக மட்டுமன்றி எழுதப்படாதவர்களுக்காகவும் துஆச் செய்வது நம்மீதுள்ள கடன். ஸனதைக் கடந்து செல்லும் மாணவர், ஒருமுறையேனும் அப்பெயர்களிடத்தில் நின்று வாசிக்கட்டும்.