கங்கை நீர்ப் பங்கீடு: அளவையே அடிப்படை

இந்தியாவும் வங்கதேசமும் 54 ஆறுகளைப் பொதுவாகக் கொண்டுள்ளன. அவற்றுள் நீர்ப் பங்கீட்டுக்கென நீண்டகால உடன்படிக்கை ஏற்பட்டது கங்கைக்கு மட்டுமே. மழைக்காலத்தில் இவ்வாற்றில் நீருக்குப் பஞ்சமில்லை. ஜனவரி முதல் மே வரையிலான வறண்ட மாதங்களில்தான் சிக்கல் எழுகிறது.

இரு தேவைகள்

மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்திலுள்ள பராக்கா அணை 1975-இல் இயங்கத் தொடங்கியது. பாகீரதி-ஹூக்ளி ஆற்றில் படியும் வண்டலை அகற்றிக் கொல்கத்தா துறைமுகத்தைக் காப்பதே அதன் நோக்கமாகும். இதற்கென, சுமார் 38 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் வினாடிக்கு 40,000 கன அடி நீரைக் கொண்டு செல்லும் வகையில் வெட்டப்பட்டது. அதே மாதங்களில் வங்கதேசத்தின் தென்மேற்குப் பகுதி, கங்கையின் கிளையான கொராய் ஆற்றை நம்பியுள்ளது. நன்னீர் வரத்துக் குறையுமாயின், குல்னா பகுதியில் கடலின் உவர்நீர் உட்புகுந்து பயிரையும் குடிநீரையும் கெடுக்கிறது. இரு தேவைகளுமே மெய்யானவை. அவற்றை ஒருங்கே நிறைவு செய்ய ஆற்றில் நீர் போதவில்லை.

உடன்படிக்கையின் அமைப்பு

1977-இல் ஐந்தாண்டு உடன்பாடும், 1982, 1985 ஆகிய ஆண்டுகளில் குறுகிய கால ஏற்பாடுகளும் செய்யப்பட்டன. 1988-க்குப் பின் பல ஆண்டுகள் உடன்பாடு ஏதுமின்றிக் கழிந்தன. இறுதியில் 1996 டிசம்பர் 12 அன்று 30 ஆண்டுக்கால உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

இதன்படி, பத்து நாள்களுக்கு ஒருமுறை பங்கு கணக்கிடப்படும். பராக்காவில் வரத்து 70,000 கன அடி அல்லது அதற்குக் குறைவாயின் இரு நாடுகளுக்கும் சரிபாதி. 70,000 முதல் 75,000 வரையாயின் வங்கதேசத்துக்கு 35,000 போக, எஞ்சியது இந்தியாவுக்கு. அதற்கு மேற்படின் இந்தியாவுக்கு 40,000, எஞ்சியது வங்கதேசத்துக்கு. மார்ச் 11 முதல் மே 10 வரை, ஒன்றுவிட்டு ஒன்றாகப் பத்து நாள் தவணைகளில் ஒவ்வொரு நாட்டுக்கும் 35,000 கன அடி உறுதி செய்யப்பட்டது. வரத்து 50,000-க்குக் கீழ் இறங்கினால் இரு அரசுகளும் உடனே கலந்து பேச வேண்டும்.

பங்கு விகிதத்தினும் முக்கியமானது அளவீட்டு முறையாகும். பராக்காவிலும் வங்கதேசத்தின் ஹார்டிஞ்சு பாலத்திலும் இரு நாட்டுப் பொறியாளர்களும் கூட்டாக அன்றாட நீரோட்டத்தைப் பதிவு செய்ய வழி செய்யப்பட்டது. இருவரும் ஏற்கும் ஒரே கணக்கு இருந்தால், ஐயத்தின் பேரில் எழும் பூசல் குறைகிறது.

எனினும், பங்கீடு பற்றாக்குறையைப் பகிர்ந்தளிக்குமேயன்றி நீரைப் பெருக்காது. பராக்காவை எட்டும் நீர், மேல்நிலத்துப் பாசனப் பயன்பாட்டையும் பொறுத்தது. ஆகவே 2026-இல் முடிவுறும் வகையில் வகுக்கப்பட்ட இந்த ஏற்பாட்டை அடுத்து எது வரினும், அணையில் கிடைப்பதைப் பிரிப்பதோடு நில்லாமல், வடிநிலம் முழுவதிலும் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதையும் அது கருத்திற் கொள்ள வேண்டும்.