வீட்டுக் கிட்டாருக்கு எத்தனை வாட்?

ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு. வீட்டு அறையில் எலெக்ட்ரிக் கிட்டார் நிறைவாக ஒலிக்க, ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர வேண்டிய மின்திறன் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆனால் கடையில் இருக்கும் டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்களின் முகப்பில் 50, 100, 200 என்று எண்கள் போட்டிருக்கும். வாங்க வருகிறவரின் கண் முதலில் போவதும் அங்கேதான்.

சென்னை சாந்தோமில் இந்தக் கேள்வியைச் சற்று நிதானமாகக் கேட்க வேண்டும். கச்சேரி ரோடு பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். சாந்தோம் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே அடுக்குமாடிகளும் மீனவர் குப்பங்களும், அதைத் தாண்டினால் கடல். நடுவே வரிசையாகப் பள்ளிக்கூடங்கள். கிட்டாரும் இங்கே புதிதல்ல. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வழிபாட்டில் தாய்மொழிப் பாட்டும் வேறு வேறு வாத்தியங்களும் நுழைந்தன. தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழகிய விஷயம். இளையராஜா மேற்கத்திய இசையைக் கற்றதும் பக்கத்து மயிலாப்பூரில், தன்ராஜ் மாஸ்டரிடம்.

பெட்டிக்குள் நடப்பது

எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பி அதிரும்போது அதன் கீழுள்ள காந்தச் சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. அதைக் கூட்டி, கனத்தையும் கூர்மையையும் திருத்தித் தருவது ப்ரீ ஆம்ப். அதன்பின் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைத் தள்ளி இழுக்கப் போதிய மின்னோட்டம் தருவது பவர் ஆம்ப். முன்பு இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தன. இப்போது ப்ரீ ஆம்ப் வேலையைப் பெடல்களும், ஆம்பின் ஒலியை டிஜிட்டலாகப் பாவிக்கும் மாடலர்களும் எடுத்துக்கொண்டுவிட்டன. மிச்சம் இருப்பது ஒரு பவர் ஆம்பும், 12 அங்குல ஸ்பீக்கர் வைத்த ஒரு கேபினெட்டும். வீட்டுச் செட்டுக்கு அதுவே போதும்.

பவர் ஆம்பில் இரண்டு குலங்கள். பழையது வால்வு. அதற்குக் கனமான அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். வால்வுகள் தேயும், மாற்ற வேண்டும். சித்திரை வெயிலில் அறைக்குள் இன்னொரு அடுப்பை மூட்டியதுபோல் கொதிக்கும். புதியது டிரான்சிஸ்டர். 1947-ல் பெல் ஆய்வகத்தில் பிறந்த இந்தச் சாதனம் கிட்டாருக்கு ஒத்துவராது என்று நெடுநாள் ஒரு பேச்சு இருந்தது. 1975-ல் வந்த ரோலண்ட் ஜேசி-120, டிரான்சிஸ்டரிலேயே இரண்டு 60 வாட் ஆம்ப்களையும் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்களையும் வைத்து, தெளிந்த நாதத்துக்கு உலகம் முழுக்கப் பேர்வாங்கியது. ப்ளூஸ் மேதை பி.பி. கிங் விரும்பி வாசித்த லேப் சீரிஸ் எல்5 ஆம்பும் டிரான்சிஸ்டர்தான்.

ஆனாலும் இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. காரணம் பாதி ஸ்பீக்கரில் இருக்கிறது. முதுகில் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் அது நிலையான எண் அல்ல. கூம்பு இயல்பாக அதிர விரும்பும் தாழ்ந்த சுரங்களில் மின்தடை பல மடங்கு ஏறும், உச்சத்திலும் ஏறும். வால்வு ஆம்புக்கு உள்தடை அதிகம் என்பதால், ஸ்பீக்கரின் தடை ஏறும் இடங்களில் அங்கே கிடைக்கும் மின்னழுத்தமும் ஏறுகிறது. அடியில் ஒரு கும்மென்ற கனமும் மேலே ஒரு மினுமினுப்பும் தானாகச் சேர்கின்றன. சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்புக்கு உள்தடை பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். ஸ்பீக்கர் என்ன செய்தாலும் அது அசையாமல் ஒரே அழுத்தத்தைத் தரும். வீட்டு ஸ்டீரியோவுக்கு இது பெரிய குணம். கிட்டாருக்கோ வறட்சி.

இதனால்தான் பழைய ஸ்டீரியோ ஆம்பையோ மைக் செட் ஆம்பையோ கிட்டாருக்கு மாட்டினால் சத்தம் வருகிறது, சுகம் வருவதில்லை. கிட்டாருக்கென்றே செய்த நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்களில், ஸ்பீக்கர் வழியே ஓடும் மின்னோட்டத்தைக் கவனித்துத் திருப்பியனுப்பும் ஒரு சுற்றைச் சேர்த்து, உள்தடையை வேண்டுமென்றே கூட்டிவைப்பார்கள். வாங்கும்முன் விசாரிக்க வேண்டிய முதல் விஷயம் இது.

எல்லோருக்கும் அந்த வால்வுக் குழைவு தேவை என்றும் இல்லை. எலெக்ட்ரிக் மாண்டலினில் யு. ஸ்ரீநிவாஸும், கிட்டாரில் சுகுமார் பிரசாத், ஆர். பிரசன்னா போன்றவர்களும் கர்நாடக இசையைக் கொண்டுவந்தார்கள். அந்த வழியில் போகிறவருக்குக் கமகம் முழுதாகக் கேட்க வேண்டும். ஆம்ப் திணறிச் சிதைந்தால், சேர்ந்து ஒலிக்கும் இரண்டு சுரங்களுக்கிடையே அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புதிய அதிர்வெண்கள் முளைக்கும். சுருதியோடு சேராத அந்த ஒட்டுச் சுரங்கள் ராகத்தைக் கலங்கடிக்கும். சிதையாத டிரான்சிஸ்டர் ஆம்ப் அவர்களுக்குக் குறை அல்ல, தேவை.

வாட் கணக்கு

இனி அந்த எண்ணுக்கு வருவோம். கிட்டார் ஸ்பீக்கரின் விவரத்தாளில் 'சென்சிடிவிட்டி' என்றொரு வரி இருக்கும். பலரும் அறிந்த செலஷன் வின்டேஜ் 30-க்கு அது 100 டெசிபல். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் ஒலி என்று பொருள். காதடைக்கும் சத்தம் அது. மின்திறனைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் 10 டெசிபல் இறங்கும். 0.1 வாட்டுக்கு 90, 0.01 வாட்டுக்கு 80. தனி அறையில் வாசிக்க 80 டெசிபலே தாராளம்.

மறுபக்கம் பாருங்கள். 50 வாட் ஆம்புக்குப் பதில் 100 வாட் வாங்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். சற்றே கூடியது என்று காது சொல்லும், அவ்வளவுதான். சத்தம் இரட்டிப்பானதாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். 97 டெசிபல் ஸ்பீக்கரை விட்டு 100 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால், ஆம்பை மாற்றாமலேயே வாட்டை இரட்டித்த பலன். கையிலிருக்கும் காசை எங்கே போடுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை.

பெரிய எண் முழு வீண் என்றும் சொல்லவில்லை. கம்பியைச் சுண்டும் கணத்தில் எழும் உச்சம் சராசரியைவிட 10, 20 டெசிபல் மேலே போகும். வார இறுதியில் டிரம்ஸோடு ஒத்திகை பார்க்கிறவர் தெளிந்த ஒலிக்கு 50 முதல் 100 வாட் வரை வைத்துக்கொள்வது நியாயம். வீட்டோடு நிற்பவருக்கு அது ஒருநாளும் தொடாத இருப்பு.

அந்த எண்ணிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதை எந்த ஓமில் அளந்தார்கள் என்று கேளுங்கள். 4 ஓமில் 170 வாட் தரும் டிரான்சிஸ்டர் ஆம்ப், 8 ஓம் ஸ்பீக்கரில் ஏறத்தாழ பாதிதான் தரும். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் டிபிஏ3116 சிப் வைத்த சின்ன போர்டுகளை வாங்கித் தாமே ஆம்ப் கட்டுகிறவர்கள் உண்டு. சேனலுக்கு 50 வாட் என்பது 21 வோல்ட் சப்ளையும் 4 ஓம் ஸ்பீக்கரும் இருந்தால். கையிலிருக்கும் 12 வோல்ட் அடாப்டரில், 8 ஓம் ஸ்பீக்கரில், சிதையாத ஒலி 9 வாட்டைத் தாண்டாது. வீட்டுக்கு அதுவும் மிகுதிதான். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை இணையாகப் போட்டால் 4 ஓம் ஆகும்; ஆம்ப் அதைத் தாங்குமா என்று பார்த்தபின் போடுங்கள். வால்வு ஆம்ப் ஸ்பீக்கர் இல்லாமல் ஓடினால் கெடும். டிரான்சிஸ்டர் அதைப் பொறுக்கும். ஓம் குறைந்தால்தான் பொறுக்காது.

சன்னமாக வாசிக்கும்போது

வீட்டு ஆம்பின் உண்மையான பரீட்சை குறைந்த சத்தத்தில்தான். ஏபி வகை ஆம்பில் அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்பாதியை இன்னொன்றும் சுமக்கின்றன. கைமாறும் இடம் சரியாகப் பொருந்தாவிட்டால் ஒரு பிசிறு விழும். பெரிய சத்தத்தில் அது மறைந்துபோகும். சுரம் தேய்ந்து அடங்கும்போது காட்டிக்கொடுக்கும். டி வகை ஆம்ப் வேறு ரகம். நொடிக்குச் சில லட்சம் முறை போட்டு அணைக்கும் ஸ்விட்சாக வேலை செய்து, கடைசியில் வடிகட்டி அலையை மீட்கிறது. வாங்கும் மின்சாரத்தில் 90 சதவீதம் வரை ஸ்பீக்கருக்குப் போகிறது. பெட்டி சிறிது, சூடு குறைவு. மலிவானவற்றில் மட்டும் 'உஸ்' என்ற இரைச்சல் தங்கும்.

காதும் நேர்மையான சாட்சி அல்ல. பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள்: சத்தம் குறையக் குறைய, தாழ்ந்த சுரங்களை நம் காது அளவுக்கு மீறித் தவறவிடுகிறது. மேடையில் கனமாக இருந்த நாதம் வீட்டில் மெலிந்து கேட்பதற்கு ஆம்ப் காரணமாக இருக்க வேண்டியதில்லை. பாஸ், ட்ரெபிள் திருகு உள்ள பவர் ஆம்ப் வீட்டுக்கு உகந்தது. கேபினெட்டில் வாசிப்பவர் மாடலரில் உள்ள ஸ்பீக்கர் பாவனையை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஒலி இரண்டு ஸ்பீக்கரைக் கடந்து வந்து மங்கும்.

அக்கம்பக்கம், எர்த், உப்புக்காற்று

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பிடுகின்றன. வீட்டு இசைக்கருவியின் ஒலி, வீட்டு எல்லையில் அந்த வரம்பைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. பள்ளி, மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமானால் பகலுக்கு 50, இரவுக்கு 40. கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு 82 முறை அதிர்கிறது. சுவர் உயர்ந்த சுரங்களைத் தடுக்கும் அளவுக்கு அதைத் தடுக்காது. ஆகவே அடுத்த வீட்டுக்குப் போவது பாட்டு அல்ல, 'தும் தும்'. கேபினெட்டைத் தரையிலிருந்து உயர்த்தி ரப்பர் மீது வைத்து, பாஸைச் சற்றுக் குறைத்தால் கீழ்வீட்டார் நன்றி சொல்வார்கள்.

அதைவிட முக்கியம் எர்த். கிட்டார் கம்பிகள் ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. வாசிப்பவரின் கை எப்போதும் அதன்மேல். 1972-ல் ஸ்காட்லாந்துக் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸீயில் மேடையில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மின்தாக்கி இறந்தார். பழைய வீடானால் எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்து, மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டுவிட்டுப் பிறகு ஆம்ப் வாங்குங்கள். இரைச்சலுக்காக மூன்றாம் பின்னைக் கழற்றிவிடுவது கூடவே கூடாது.

அமெரிக்காவிலிருந்து வரும் அண்ணனிடம் சொல்லிவிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே 120 வோல்ட், இங்கே 230. பின்புறம் 100-240 என்று போட்டிருந்தால் கவலையில்லை. 120 மட்டும் என்றால் வேண்டாம். கடலுக்கு இத்தனை பக்கத்தில் உப்பும் ஈரமும் ஜாக்கையும் ஸ்விட்சையும் அரிக்கும். காற்றை உள்ளிழுக்கும் மின்விசிறி வைத்த ஆம்பைவிட, விசிறியில்லாமல் உலோக உடலே சூட்டைக் கடத்தும் ஆம்ப் இங்கே நெடுநாள் உழைக்கும்.

கடைக்குப் போகும்போது உங்கள் கிட்டாரையும் பெடலையும் எடுத்துச் செல்லுங்கள். விற்பவர் சத்தமாக வைத்துத்தான் காட்டுவார்; பேச்சுக்குரல் அளவுக்குக் குறைக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு சுரத்தை மீட்டி, அது முழுக்க அடங்கும்வரை கேளுங்கள். பிசிறும் உஸ்ஸும் அப்போது தெரியும். வால்யூம் திருகு தொட்டவுடன் எகிறுகிறதா, மெல்ல ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு ஓம், வோல்ட், எர்த் பின். இவை எல்லாம் சரியாக இருந்து, இரண்டு ஆம்ப்கள் ஒரே விலையில் எதிரே நின்றால், அப்போது வாட்டைப் பார்க்கலாம்.