லீவுக்கு ஏரிக்கரை காட்டேஜா? ரூம் போடும் முன் தண்ணீரை விசாரிங்க!

தண்டலம்,

பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி என்று சேர்ந்தாற்போல் 2 நாள், 3 நாள் லீவு விழுந்தால் போதும். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்க்கும் வாலிபர்கள் ஆளுக்கு கொஞ்சம் பணம் போட்டு, வேன் பிடித்து டூர் கிளம்பி விடுகிறார்கள். சாதா லாட்ஜை விட ஏரிக்கரை காட்டேஜ், ஆற்றோர மரவீடு, டெண்ட் என்றால் பசங்களுக்கு தனி குஷிதான்.

வாடகையை பேரம் பேசும் பலர், அந்த மாதத்தில் அந்த ஊர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று கேட்பதில்லை. இதனால் சிலருக்கு காசு நஷ்டம். சிலருக்கு உயிரே நஷ்டம். உலக சுகாதார நிறுவன கணக்குப்படி 2021-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்துள்ளனர். இதில் இளவட்டங்களும் குழந்தைகளும் அதிகம்.

எனவே முதலில் தண்ணீர், அப்புறம்தான் ரூம். எப்படி பிளான் போடுவது? இதோ விவரம்:

எந்த மாதம், எந்த ஊர்?

தண்டலத்தில் இருந்து பெங்களூர் ரோட்டிலேயே போனால் சுமார் 200 கிலோ மீட்டரில் ஏலகிரி. திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ள இந்த மலைக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். மேலே புங்கனூர் செயற்கை ஏரியில் படகு சவாரி உண்டு. ரெயிலில் போவோர் ஜோலார்பேட்டையில் இறங்க வேண்டும். 2 நாள் லீவுக்கு வசதியான இடம் இதுதான். ஜலகாம்பாறை நீர்வீழ்ச்சியையும் பார்க்க நினைப்பவர்கள் மழைக்காலத்தை ஒட்டி போவது நல்லது. கோடையில் போனால் வெறும் பாறையைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும்.

3 நாள் லீவு என்றால் ஏற்காடு. சேலம் வரை ரெயில், அங்கிருந்து பஸ். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏரிக்கு பக்கத்திலேயே அரசு சுற்றுலா வளர்ச்சிக்கழக ஓட்டல் இருக்கிறது.

ஒகேனக்கல் விஷயத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். இங்கே வெயில் கொளுத்தும், ஒரு சொட்டு மழை இருக்காது. ஆனால் ஒகேனக்கல்லில் வெள்ளம் பாயும். காரணம் இதுதான்: ஜூன் முதல் செப்டம்பர் வரை குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்கு பருவமழை கொட்டும். கர்நாடகத்தில் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிரம்பியதும் உபரி நீரை திறந்து விடுவார்கள். அது பிலிகுண்டுலு வழியாக தமிழகத்துக்குள் வந்து ஒகேனக்கல்லை தொடும். உடனே மாவட்ட நிர்வாகம் பரிசல் ஓட்டவும், அருவியில் குளிக்கவும் தடை போட்டு விடும்.

2024 ஜூலை கடைசியில் அங்கு நீர்வரத்து வினாடிக்கு 1 லட்சம் கன அடியை தாண்டியது. ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். அதாவது 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் 230-க்கும் மேல் ஒரே வினாடியில் காலியானால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு வெள்ளம்! எனவே ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒகேனக்கல் போவோர், கிளம்பும் அன்று காலை நீர்வரத்து செய்தியை பார்த்து விட்டுத்தான் வேனை கிளப்ப வேண்டும். ரூமுக்கு அட்வான்ஸ் கட்டும்போதே, தடை போட்டால் பணம் திரும்ப கிடைக்குமா என்று கேட்டுக் கொள்வது நல்லது.

ஊட்டி, கொடைக்கானல் என்றால் 2024 மே 7 முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்துள்ளது. இதையும் முன்கூட்டியே பார்த்துக் கொள்ள வேண்டும்.

அட்வான்ஸ் உஷார்!

அழகான மரவீடு படத்தை போட்டு, பாதி வாடகைக்கு தருவதாக சொல்லி, பணம் வந்ததும் போனை ஆப் செய்து விடும் மோசடி கும்பல்கள் உண்டு. தெரியாத ஆளுக்கு முழு பணத்தையும் அனுப்பக் கூடாது. ஓட்டலின் பெயரை தனியாக தேடி, அதில் கிடைக்கும் நம்பருக்கு பேசி உறுதி செய்ய வேண்டும். அரசு ஓட்டல்களை சுற்றுலா வளர்ச்சிக்கழக இணையதளத்திலேயே புக் செய்யலாம். ஏமாந்து விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்த அளவுக்கு பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு உண்டு.

காட்டுக்குள் டெண்ட் போடலாம் என்று யாராவது கூப்பிட்டால் வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றம் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் பலியானதை மறக்க முடியாது.

குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று கரி அடுப்பை ரூமுக்குள் வைத்து, கதவை சாத்திக் கொண்டு தூங்குவதும் ஆபத்து. கரியில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்து விடும்.

நைட் ஷிப்ட் முடிச்சு ஓட்டாதீங்க

வாடகைக்கு எடுக்கும் வண்டி மஞ்சள் போர்டு வண்டியாக இருக்க வேண்டும். தெரிந்தவரின் சொந்த காரை வாடகைக்கு எடுத்து, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைப்பதில் சிக்கல் வரும். நைட் ஷிப்ட் முடித்த கையோடு ஸ்டியரிங் பிடிப்பது இன்னும் மோசம். 4 மணி நேரமாவது தூங்கி எழுந்து கிளம்பினால் என்ன குறைந்து விடப்போகிறது?

படகில் ஒரு பக்கம் சாயாதீங்க

2009 செப்டம்பர் 30-ந் தேதி தேக்கடி ஏரியில் சுற்றுலா படகு கவிழ்ந்து 45 பேர் பலியானார்கள். விலங்குகளை பார்க்க பயணிகள் ஒரே பக்கமாக திரண்டதும் ஒரு காரணமாக சொல்லப்பட்டது. 2023 மே 7-ந் தேதி கேரள மாநிலம் தானூரில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். லைப் ஜாக்கெட் தராத படகில் ஏறவே கூடாது. போட்டோ எடுக்க எழுந்து நிற்பதும், ஜாக்கெட்டை கழற்றுவதும் வேண்டாம். சரக்கு அடித்தவர்கள் தண்ணீர் பக்கமே போகக் கூடாது.

ஒருவர் மூழ்கினால்...

ஒருவரை காப்பாற்ற குதித்து, அடுத்தடுத்து 3 பேர், 4 பேர் பலியாவதுதான் பெரிய சோகம். பயத்தில் இருப்பவர் கையில் கிடைத்தவரை பிடித்து அமுக்கி விடுவார். எனவே குதிக்காமல் கயிறு, வேட்டி, புடவை, நீளமான கம்பு எதையாவது நீட்ட வேண்டும். மூடி போட்ட காலி தண்ணீர் கேனை வீசினாலும் பிடித்துக் கொண்டு மிதப்பார். உடனே 108-க்கு போன் போட வேண்டும். கரையேற்றியதும் தலைகீழாக தூக்குவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் கூடாது. மூச்சு இல்லை என்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, நடு நெஞ்சில் அமுக்கி முதலுதவி செய்ய வேண்டும்.

நம்ம ஊர் ஏரியும் ஆபத்துதான்

டூருக்கு காசு இல்லை, பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கே என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறவர்களும் உண்டு. அது சென்னைக்கு குடிநீர் தரும் ஏரி. முழு ஆழம் 24 அடி, அதாவது 2 மாடி உயரம். கரை ஓரம் முழங்கால் அளவு இருக்கும். அடுத்த அடியில் பள்ளம் இருந்தாலும் கலங்கல் தண்ணீரில் தெரியாது. சேற்றில் கால் புதைந்தால் நீச்சல் தெரிந்தவர் பாடும் திண்டாட்டம்தான். 2015 டிசம்பர் தொடக்கத்தில் இந்த ஏரியில் இருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டு, அடையாறு ஓரம் மூழ்கியதும் குறிப்பிடத்தக்கது. கரையில் நின்று காற்று வாங்கலாம். இறங்கக் கூடாது.

கிளம்பும் முன், எந்த ஊர், எந்த ஓட்டல், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டிலோ ரூமில் இருக்கும் நண்பரிடமோ எழுதிக் கொடுத்து விட்டு போங்கள். ஒரிஜினல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்சில் போனவர்கள் அத்தனை பேரும் ஏறினால்தான் அது நல்ல டூர்.