பழைய மோட்டார் சைக்கிளில் மின்கோளாறு: காரணத்தை நாமே கண்டறிவோம்

ரப்பர் மரத்தில் பால் நன்கு சுரப்பது பொழுது விடிவதற்கு முன்னுள்ள குளிர்ந்த வேளையிலேயாகும். ஆகவே, பால்மரம் வெட்டும் நம் தொழிலாளர்கள் இருள் பிரியுமுன்பே வீட்டைவிட்டுப் புறப்படுகின்றனர். அந்நேரத்தில் அவர்களுக்கு வழித்துணையாக இருப்பவை இரண்டு: தலையில் கட்டிய விளக்கு ஒன்று, மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு மற்றொன்று. அம்முன்விளக்கு திடீரென்று அணைந்துவிட்டால், அது வெறும் இயந்திரக் கோளாறன்று. உயிருக்கே நேரும் ஆபத்து ஆகும்.

மலைச்சரிவு, சேற்றுப் பாதை, ஒற்றையடித் தடம் ஆகிய எந்நிலத்திலும் செல்வதற்கென்றே அமைந்த வண்டிகள் உலகில் உண்டு. ஹோண்டா நிறுவனம் 1970 ஆம் ஆண்டில் மூன்று சக்கரங்கள் கொண்ட அத்தகைய வண்டியை வெளியிட்டது. 1980 களின் தொடக்கத்தில் சுசூக்கி நிறுவனம் நான்கு சக்கர வண்டியைக் கொணர்ந்தது. எனினும், நம் தோட்டங்களில் அவ்வேலையை நெடுங்காலமாகச் செய்து வருவது ‘கப்சாய்’ என்று நாம் அழைக்கும் சிறிய மோட்டார் சைக்கிளேயாகும். 1958 ஆம் ஆண்டு ஜப்பானில் அறிமுகமான ஹோண்டா ‘கப்’ வண்டியின் பெயரிலிருந்தே இச்சொல் பிறந்தது. ஆள், உளி, வாளி, பால் தோம்பு அனைத்தையும் சுமந்துகொண்டு வெட்டுக்காட்டின் நிரைகளுக்கிடையே அது சென்று வருகிறது. பழைய வண்டிகளில் எஞ்சின் நன்றாக இருந்தும், மின்சாரப் பகுதி அடிக்கடி தொல்லை தருவதைப் பலரும் அறிவர்.

இத்தகைய கோளாறுகளில் பெரும்பாலானவை சிறியவை. ஆயினும், காரணத்தை அறியாமல் ஒவ்வொரு பாகமாக வாங்கி மாற்றுவதனால் கைப்பணம் கரைகிறது. வரிசை தவறாமல் சோதித்தால், எழுத்தறிவு குறைந்தவரும் கோளாறு இருக்குமிடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். அம்முறையை இங்கு விளக்குவோம்.

மின்சாரம் செல்லும் வழி

மின்சாரம் ஒரு வட்டத்தில் சுற்றிவரும் பொருளாகும். அது மின்கலத்திலிருந்து புறப்பட்டு, கம்பி வழியாக ஹாரனையோ விளக்கையோ அடைந்து, பின் மின்கலத்துக்கே திரும்ப வேண்டும். போவதற்குக் கம்பி உண்டு. திரும்புவதற்குப் பெரும்பாலும் தனிக் கம்பி இல்லை. வண்டியின் இரும்புச் சட்டமே திரும்பும் வழியாகப் பயன்படுகிறது. இதனையே ‘எர்த்’ என்று பட்டறையில் கூறுவர். வட்டம் எங்கே அறுந்தாலும் மின்சாரம் நின்றுவிடும்.

பழைய கப்சாய் வண்டிகளில் மின்சாரம் இரண்டு ஊற்றுகளிலிருந்து கிடைக்கிறது. எஞ்சினோடு சுழலும் காந்தச் சக்கரமும் அதனுள்ளிருக்கும் சுருள்களும் முதல் ஊற்று. பிளக்கில் தீப்பொறி உண்டாவதும், முன்விளக்கு எரிவதும் பெரும்பாலும் இதனாலேயே. இரண்டாவது ஊற்று மின்கலம். ஹாரன், திரும்பும் சமிக்ஞை விளக்கு, பிரேக் விளக்கு ஆகியவை இதனைச் சார்ந்தவை. மின்கலம் செத்துவிட்ட வண்டியும் காலால் உதைத்தால் கிளம்பிவிடுவதற்குக் காரணம் இதுவே.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

லயத்துப் பொதுக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? அடுத்த லயத்தில் வருகிறதா என்று பார்க்கிறோம். அங்கும் வராவிட்டால் கோளாறு தொட்டியில். அங்கே வந்தால் கோளாறு நம் குழாயில். வண்டியிலும் இவ்வாறே எது வேலை செய்கிறது, எது வேலை செய்யவில்லை என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

எஞ்சின் ஓடுகிறது, முன்விளக்கு எரிகிறது. ஆனால் ஹாரனும் சமிக்ஞை விளக்குகளும் பிரேக் விளக்கும் ஒருசேர நின்றுவிட்டன என்றால், கோளாறு மின்கலத்திலோ, பியூஸிலோ, மின்கலத்தின் இணைப்பிலோ இருக்க வேண்டும். ஹாரன் மட்டும் ஒலிக்கவில்லை, மற்றவை சரியாக உள்ளன என்றால், ஹாரன், அதன் பொத்தான், அவற்றுக்குச் செல்லும் கம்பி ஆகியவற்றை மட்டும் பார்த்தால் போதும். ஹாரன் ஒலிக்கிறது, முன்விளக்கு எரியவில்லை என்றால் மின்கலத்தைக் குறை கூறுவதில் பயனில்லை. இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும்.

சோதனை விளக்கு

விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வண்டியின் மின்கலத்துக்கு ஏற்ற சிறு பல்பு ஒன்றில் இரண்டு கம்பிகளைப் பொருத்திக்கொண்டால் அதுவே சோதனை விளக்கு. பழைய வண்டிகளில் 6 வோல்ட் மின்கலமும், பிற்காலத்தவற்றில் 12 வோல்ட் மின்கலமும் இருக்கும். இதனை மறவாது கவனிக்க வேண்டும். 6 வோல்ட் பல்பை 12 வோல்ட் வண்டியில் பொருத்தினால் உடனே எரிந்து போகும். 12 வோல்ட் பல்பை 6 வோல்ட் வண்டியில் பொருத்தினால் மங்கலாகவே எரியும். பழைய வண்டியின் விளக்கு மங்குவதற்குத் தவறான பல்பே சில வேளைகளில் காரணமாக இருப்பதுண்டு.

முதலில் விளக்கின் இரு கம்பிகளையும் மின்கலத்தின் இரு முனைகளில் வைக்க வேண்டும். பிரகாசமாக எரிந்தால் மின்கலத்தில் சக்தி உண்டு. அடுத்து, ஒரு கம்பியை மின்கலத்தின் நேர்முனையிலும், மற்றதைச் சாயம் சுரண்டிய இரும்புச் சட்டத்திலும் வைக்க வேண்டும். முன்போல எரியாமல் மங்கினால் எர்த் கெட்டுள்ளது என்று பொருள். எர்த் நன்றாக இருந்தால், சாவியைத் திறந்துவிட்டு, ஒரு கம்பியைச் சட்டத்திலேயே வைத்துக்கொண்டு, மற்றதைப் பியூஸின் முன்புறம், பின்புறம், சாவி, ஹாரன் என்று ஒவ்வோரிடமாக நகர்த்த வேண்டும். விளக்கு எரிந்த கடைசி இடத்துக்கும், எரியாத முதல் இடத்துக்கும் நடுவேதான் கோளாறு ஒளிந்திருக்கிறது.

மின்கலம்

6 வோல்ட் மின்கலத்தில் மூன்று அறைகளும், 12 வோல்ட் மின்கலத்தில் ஆறு அறைகளும் உள்ளன. நல்ல நிலையிலுள்ள 12 வோல்ட் மின்கலம் ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 6 வோல்ட் மின்கலம் 6.3 வோல்ட் காட்டும். மூடி திறக்கும் வகையில், அமிலநீர் மேற்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையே இருக்க வேண்டும். குறைந்தால் வடிநீர் மட்டுமே ஊற்றுக. குழாய்த்தண்ணீரிலுள்ள உப்புகள் மின்கலத்தைக் கெடுக்கும்.

வீட்டிலிருந்து வெட்டுக்காட்டுக்கும், அங்கிருந்து பால் நிறுக்குமிடத்துக்கும் மெதுவாகச் செல்லும் வண்டியில் மின்கலம் போதிய அளவு ஏறுவதில்லை. வாரத்தில் ஓரிரு நாள் சற்று நெடுந்தூரம் ஓட்டுவது நன்று. மின்கலம் கெட்டுவிட்டதென்று அதனைக் கழற்றிவிட்டு ஓட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. அவ்வாறு செய்தால், பல வண்டிகளில் அளவு மீறிய மின்சாரம் பாய்ந்து பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து போகும்.

பாலை உறைய வைக்கும் அமிலத்தைக் கையாளும்போது நாம் எவ்வளவு விழிப்பாக இருக்கிறோமோ, அதைவிடக் கூடுதலான விழிப்பு இங்கே தேவை. மின்கலத்தில் இருப்பது கந்தக அமிலம். அது தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனே ஏராளமான தண்ணீரால் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மின்கலத்திலிருந்து தீப்பற்றும் வாயு வெளிப்படுமாதலால், அதன் அருகே சுருட்டோ தீக்குச்சியோ ஆகாது. கழற்றும்போது எதிர்முனைக் கம்பியை முதலிலும், பூட்டும்போது அதனைக் கடைசியிலும் கையாள்க.

பியூஸ் கூறும் செய்தி

பியூஸ் எரிந்தால், அது தன்னைப் பலியிட்டு வண்டியைக் காத்தது என்று கொள்ள வேண்டும். அதற்குப் பதிலாகக் கம்பித் துண்டையோ, சிகரெட் பெட்டியிலுள்ள ஈயத்தாளையோ சுற்றி வைப்பது பெருந்தவறு. கப்சாய் வண்டியில் பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியிலேயே உள்ளது. சூடேறிய கம்பி தீப்பற்றினால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பியூஸில் குறித்துள்ள அதே அளவுடைய புதியதையே போடுக.

புதிய பியூஸும் எரிந்தால், எங்கோ ஒரு கம்பி உறை தேய்ந்து இரும்பைத் தொடுகிறது. கைப்பிடி திரும்பும்போது கம்பி மடங்கும் கழுத்துப் பகுதியையும், பின்சக்கர மூடியின் அடியில் பின்விளக்குக்குச் செல்லும் கம்பியையும் முதலில் பார்க்க வேண்டும்.

ரப்பர்ப் பால் செய்யும் வேலை

தோட்டத்து வண்டிகளுக்கே உரிய ஒரு கோளாறும் உண்டு. பால் தோம்பு பின்புறத்தில் ஏற்றப்படுவதால் சிந்தும் பால் பின்விளக்கின் மீதும், அதன் கம்பி இணைப்புகளின் மீதும் வழிகிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாத பொருள் என்பதை நாம் அறிவோம். சிந்திய பால் இணைப்புகளுக்கிடையே புகுந்து உலர்ந்தால், மெல்லிய ரப்பர்த் தோலாகி மின்சாரத்தைத் தடுத்துவிடுகிறது. மேலும், பால் உறையாதிருக்கச் சேர்க்கும் அம்மோனியா, செம்பையும் பித்தளையையும் அரிக்க வல்லது. இணைப்புகளில் பச்சை நிறம் படர்ந்திருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது எனலாம்.

வேலை முடிந்ததும் பின்பகுதியை ஈரத்துணியால் துடைத்தல், மாதம் ஒருமுறை இணைப்புகளைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துச் சிறிது வாசலின் பூசுதல், பால் தோம்பின் மூடியை இறுக மூடுதல் ஆகிய மூன்றும் இதற்குரிய மருந்து. எர்த் கம்பி சட்டத்தோடு சேரும் திருகாணியையும் அப்போதே தேய்த்து முடுக்கிவிடலாம்.

எஞ்சின் கிளம்பாவிட்டால்

பெட்ரோல் இருந்தும் எஞ்சின் கிளம்பாவிட்டால், பிளக்கைக் கழற்றி அதன் தொப்பியில் பொருத்தி, அதன் இரும்புப் பகுதி எஞ்சினைத் தொடுமாறு வைத்து உதைத்துப் பார்க்கலாம். பெட்ரோல் சிந்திய இடத்தில் இச்சோதனையைச் செய்தல் கூடாது; பிளக்கின் இரும்பைக் கையால் தொடவும் கூடாது. நீலநிறப் பொறி பளிச்சென்று தெரிந்தால் மின்சாரப் பகுதி நன்று. பொறி இல்லையெனில் வேறொரு நல்ல பிளக்கை வைத்துப் பார்க்க வேண்டும். பிளக்கின் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை இருத்தல் வேண்டும். மழையில் நனைந்த தொப்பியின் மீதாகவே மின்சாரம் கசிந்துவிடுவதுண்டு. அதனை உலரத் துடைத்தால் போதும். பழைய 6 வோல்ட் வண்டிகளில் ‘பாயிண்ட்’ எனப்படும் தொடுமுனைகள் உண்டு. அவை கருகியிருந்தாலும், அவற்றின் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் என்ற அளவிலிருந்து மாறியிருந்தாலும் பொறி வலுவிழக்கும்.

நான்கு சக்கர வண்டிகளிலும் இவ்வடிப்படைகளே பொருந்தும். ஆனால், பொத்தானை அழுத்திக் கிளப்பும் வண்டியில் ‘டிக்’ என்ற ஓசை மட்டும் கேட்டால், முதலில் மின்கலத்தையும் அதன் தடித்த கம்பிகளையும் பார்க்க வேண்டும்.

முன்விளக்கும் நெடுஞ்சாலையும்

எஞ்சின் மெதுவாக ஓடும்போது முன்விளக்கு மங்குவதும், வேகம் கூடும்போது பிரகாசிப்பதும் இவ்வண்டிகளுக்கு இயல்பே. உயர் ஒளி, தாழ் ஒளி இரண்டில் ஒன்று மட்டும் எரியாவிட்டால் பல்பை மாற்றுக. இரண்டும் ஒரே நேரத்தில் நின்றால் பல்பைப் பார்த்த பின் சுவிட்சையும் எர்த்தையும் பார்க்க வேண்டும். பல்புகள் அடிக்கடி எரிந்து போனால், மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பாகம் பழுதடைந்திருக்கலாம். இதனையும், காந்தச் சக்கரத்தினுள் உள்ள சுருள்களையும் பட்டறைக்காரரிடம் விடுவதே முறை. எதை எதைச் சோதித்தோம் என்பதை அவரிடம் சொன்னால், அவருடைய நேரமும் நம் பணமும் மிச்சமாகும்.

தோட்டத்துக்குள் மட்டுமே ஓடும் வண்டிதானே என்று எண்ணுவதற்கில்லை. கிள்ளான் வட்டாரத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு உறவினரைக் காணவோ, ஷா ஆலம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கோ பிள்ளைகள் அதே வண்டியில் செல்கின்றனர். ஷா ஆலம் எழுந்துள்ள நிலமே ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் என்ற தோட்டப் பகுதியாக இருந்தது. இன்று அதனூடே செல்லும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கெனத் தனிப்பாதை உண்டு. அதன் சுரங்க வழிகளில் பகலிலும் ஒளி குறைவு. 1992 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்பது சட்டம். பிறர் கண்ணில் படாததனால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் அவ்விதியினால் சுமார் 29 விழுக்காடு குறைந்ததாகச் சிரம்பானிலும் ஷா ஆலமிலும் நடந்த ஆய்வு காட்டியது. விளக்கு நாம் சாலையைக் காண்பதற்கு மட்டுமன்று. மற்றவர் நம்மைக் காண்பதற்கும் ஆகும்.

ஆகவே, ஒவ்வொரு நாள் மாலையும் வண்டியை நிறுத்துமுன் முன்விளக்கு, பின்விளக்கு, பிரேக் விளக்கு, சமிக்ஞை விளக்குகள், ஹாரன் ஆகிய ஐந்தையும் ஒருமுறை இயக்கிப் பார்ப்போம். இதற்கு ஒரு நிமிடம் போதும். மாலையில் கண்ட கோளாற்றை வெளிச்சத்திலேயே திருத்திவிடலாம். விடியற்காலை இருளில் அது தானே வெளிப்படும்வரை காத்திருக்கலாகாது.