ஆறு வயதுக்கு மேல், பதினெட்டுக்குள்

பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்து வளர்த்த வரலாறு என்றதும் செய்தி படிப்போருக்கு நினைவில் எழுவது கனடாதான். அந்நாட்டின் முதற்குடிகளின் பிள்ளைகள் ஏறத்தாழ 1,50,000 பேர், பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கி 1990கள் வரை, அரசின் பணத்தில் பெரும்பாலும் கிறித்தவச் சபைகள் நடத்திய உறைவிடப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். தாய்மொழியில் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டனர். பலர் வீடு திரும்பாமலே இறந்தனர். இதை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் 94 பரிந்துரைகளை முன்வைத்தது. பள்ளிகளில் இவ்வரலாறு கற்பிக்கப்பட வேண்டும் என்பதும், புதிதாகக் குடியேறுவோரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். ஈழத்திலிருந்து சென்று டொரன்டோ பகுதியில் வாழும் தமிழர்களுள் 2021-க்குப் பின் குடியுரிமை பெற்றவர்கள், முதற்குடிகளின் ஒப்பந்த உரிமைகளைக் குறிப்பிடும் உறுதிமொழியையே எடுத்துள்ளனர்.

இத்தகைய கற்றலை ஒருவர் தம் சொந்தக் கடமையாக ஏற்க விரும்பினால், சேலத்துக்குத் தெற்கே ஜருகுமலை அடிவாரத்தில் உள்ள பனமரத்துப்பட்டி போன்ற ஓர் ஊரிலிருந்தே தொடங்கலாம். ஏனெனில் பிள்ளைகளைப் பிரிக்கும் அதிகாரம் கொண்ட சட்டம் இந்த மண்ணிலும் நடைமுறையில் இருந்தது. 1871-இல் வட இந்தியாவுக்கென இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. ஒரு சாதியையோ குழுவையோ பிறப்பாலேயே குற்றவாளிகள் என அறிவித்து, அதன் உறுப்பினர்களின் கைரேகையைப் பதிந்து, குறித்த நேரத்தில் காவல் நிலையத்திலோ கிராம அதிகாரியிடமோ ஆஜராகச் செய்வது அச்சட்டத்தின் வழி. மதுரைப் பக்கத்து மக்கள் அதை இன்றும் ரேகைச் சட்டம் என்றே சொல்கிறார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூடு தமிழ்நாட்டில் ஓரளவு அறியப்பட்டிருக்கிறது. அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவோ பலர் கண்ணில் படுவதில்லை. அறிவிக்கப்பட்ட சமூகங்களின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து அகற்றித் தொழிற்பள்ளி, வேளாண் பள்ளி, சீர்திருத்தப் பள்ளி ஆகியவற்றில் சேர்க்க மாகாண அரசுக்கு அது அதிகாரம் தந்தது. பிள்ளைகள் என்போர் ஆறு வயதுக்கு மேல் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் என்றும் வரையறுத்தது. அந்தப் பிள்ளை ஏதேனும் குற்றம் செய்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை.

இந்த வலையில் சிக்கியவர்களுள் சேலம் நாட்டுக் குறவர்கள் முக்கியமானவர்கள். சேலம் உப்புக் குறவர், ஆத்தூர் மேல்நாட்டுக் குறவர், ஆத்தூர் கீழ்நாட்டுக் குறவர் ஆகிய பெயர்களை இன்றும் தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலில், அதாவது குற்றப் பரம்பரை முத்திரையிலிருந்து விடுவிக்கப்பட்ட சமூகங்களின் பட்டியலில், காணலாம். கடற்கரையில் உப்பு வாங்கி, மாடுகளிலும் கழுதைகளிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுவந்து தானியத்துக்கு மாற்றிய வணிகர்கள் அவர்கள். ரயில்பாதையும், உப்பின்மீது அரசு கொண்ட முற்றுரிமையும், சேலம் மாவட்டத்தைச் சூறையாடிய 1876–78 பஞ்சமும் அந்த வணிகத்தை அழித்ததையும், பிழைப்பிழந்து அலைந்தவர்களை அலைவதற்காகவே அரசு சந்தேகித்ததையும் வரலாற்றாசிரியர் மீனா ராதாகிருஷ்ணா சென்னை மாகாணக் குறவர்கள் பற்றிய தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார். வாழ்வைப் பறித்த அரசே, வாழ்விழந்தவர்களைப் பரம்பரைத் திருடர்கள் என்று பதிவேட்டில் எழுதியது என்பதுதான் இதில் நெஞ்சைச் சுடுவது.

பதிவு செய்யப்பட்டவர்களை ஓரிடத்தில் அடைத்து வைத்த குடியிருப்புகளை அக்காலத்தில் செட்டில்மெண்ட் என்றனர். இன்றைய ஆந்திரக் கடலோரத்தில் 1913 வாக்கில் உருவான ஸ்டூவர்ட்புரம் அவற்றுள் பெயர்பெற்றது. குறவரோடு உறவுடைய எருகுலர் அங்கே குடியமர்த்தப்பட்டனர். நிர்வாகம் இரட்சணிய சேனை என்னும் கிறித்தவ அமைப்பிடம் இருந்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியேறுவது குற்றம். அருகிலுள்ள சீராலாவின் புகையிலை ஆலைக்கு அங்கிருந்தோரின் உழைப்பு பயன்பட்டது. பெரியவர்களைத் திருத்துவது அரிது, பெற்றோரின் பழக்கம் தொற்றாமல் பிள்ளைகளைப் பிரித்து வளர்த்தால் அடுத்த தலைமுறை பணிவுள்ள உழைப்பாளிகளாகும் என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை எண்ணம்.

கனடாவும் சென்னை மாகாணமும் ஒன்றே என்று சொல்வது பிழையாகும். அங்கே முதற்குடிகளின் மொழியையும் பண்பாட்டையும் அழிப்பது வெளிப்படையான நோக்கம். இங்கே குற்றத்தைத் தடுப்பது என்பது சொல்லப்பட்ட காரணம். பல செட்டில்மெண்ட்களில் பெற்றோரும் அதே எல்லைக்குள் வாழ்ந்தனர். ஆயினும் பெற்றோர் தம் பிள்ளையை வளர்க்கத் தகாதவர் என்று பிறப்பை வைத்தே தீர்மானித்ததில் இரண்டு அரசுகளும் ஒரே நெறியில் நின்றன. இங்கு இன்னொரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும்: ஏற்காடு முதலிய மலைகளில் இன்று இயங்கும் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பெற்றோரே விரும்பித் தம் பிள்ளைகளைச் சேர்க்கின்றனர், இவ்வரலாற்றைக் கற்க வருவோர் இப்பள்ளிகளையும் அக்காலத்துக் கட்டாயப் பள்ளிகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளலாகாது.

சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதிலும் 1952 ஆகஸ்ட் 31 அன்றும் இச்சட்டம் நீக்கப்பட்டது. அந்நாளைச் சீர்மரபினர் விடுதலை நாளாக நினைவுகூர்கின்றனர். சட்டம் போனாலும் சந்தேகம் போகவில்லை. ‘ஜெய் பீம்’ திரைப்படத்துக்கு ஆதாரமான 1993-ஆம் ஆண்டுக் காவல் மரணத்தில் உயிரிழந்தவர் குறவர் சமூகத்தவர்.

இவ்வரலாற்றைக் கற்கப் புறப்படுபவருக்குச் சட்டத்தின் வாசகமும், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் அரசாணைகளும் கிடைக்கும். ஆனால் அவை அடைத்தவர்கள் எழுதியவை. கனடாவின் ஆணையம் ஆயிரக்கணக்கான முன்னாள் மாணவர்களின் வாக்குமூலத்தை அவர்கள் வாயிலிருந்தே கேட்டுப் பதிந்தது. இந்தியாவில் அப்படியோர் ஆணையம் அமைக்கப்படவில்லை. ஆகவே அந்தப் பணி, அச்சமூகத்தாரின் சம்மதத்தோடும் அவர்கள் சொல்ல விரும்பும் அளவோடும், தனி மனிதர்களும் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர்களும் செய்ய வேண்டியதாக நிற்கிறது. சட்டம் நீங்கிய 1947-இல் ஆறு வயதாக இருந்த பிள்ளை இன்று உயிரோடு இருந்தால் எண்பது வயதைக் கடந்திருக்கும்.