வடக்கே இருந்தும் உறையாத கடல்

உலகப் படத்தை எடுத்து ஐரோப்பாவின் வட உச்சிக்குப் போங்கள். ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே, சுவீடனில் கிருனா என்று ஓர் ஊர் இருக்கும். அங்கிருந்து மேற்கே ரயிலில் சுமார் 170 கிலோமீட்டர் போனால் எல்லை தாண்டி நார்வே வந்துவிடும். கடற்கரையில் நார்விக் நிற்கும். இரண்டும் சின்ன ஊர்கள். எந்த ஊரிலும் இருபதாயிரம் பேர்கூட இல்லை. கிருனாவில் இரும்பு உண்டு, கடல் இல்லை. நார்விக்கில் கடல் உண்டு, இரும்பு இல்லை. அதனால் கிருனாவின் இரும்புத் தாது கப்பல் ஏறுவதற்கு ரயிலில் நார்விக் போகிறது.

உடனே நீங்கள் கேட்பீர்கள்: சுவீடனுக்கும்தான் கடற்கரை இருக்கிறதே, எதற்கு வேறு நாட்டுக்குப் போக வேண்டும்? நல்ல கேள்வி. கிழக்கே லூலியோ என்ற சுவீடன் துறைமுகம் இருக்கத்தான் செய்கிறது. அது நார்விக்குக்குத் தெற்கே இருப்பதால், அங்கே குளிர் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் குளிர்காலத்தில் லூலியோ கடல் கட்டியாக உறைந்துவிடுகிறது. பனி உடைக்கும் கப்பல் முன்னே போனால்தான் மற்ற கப்பல்களுக்கு வழி. நார்விக் கடலோ உறைவதே இல்லை.

காரணம் தண்ணீரில்தான் இருக்கிறது. அட்லாண்டிக் பெருங்கடலில் ஒரு வெப்ப நீரோட்டம் தெற்கிலிருந்து கிளம்பி நார்வேக் கரையை ஒட்டி வடக்கே ஓடுகிறது. அதோடு, அந்த நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அவ்வளவு உப்பு இருந்தால் பூஜ்யம் டிகிரியில் நீர் உறையாது, மைனஸ் 1.8 வரை இறங்க வேண்டும். அதற்குள் மேலே குளிர்ந்த நீர் கனமாகிக் கீழே போய்விடும், கீழிருந்து வெதுவெதுப்பான நீர் மேலே வரும். லூலியோ பக்கம் பெரிய ஆறுகள் வந்து கலப்பதால் கடல்நீரில் உப்பு மிகக் குறைவு. நீங்களே செய்து பார்க்கலாம்: ஒரே அளவான இரண்டு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒன்றில் மட்டும் இரண்டு கரண்டி உப்பைக் கரைத்து ஃப்ரீசரில் வையுங்கள். அரை மணிக்கு ஒரு தரம் திறந்து, எது முதலில் கட்டியாகிறது என்று பாருங்கள்.

உறையாத அந்தக் கடலுக்காகத்தான் மலைகளைக் குடைந்து ரயில் பாதை போட்டார்கள். 1902இல் பாதை நார்விக்கை எட்டியது. 1940இல், உலகப் போரின்போது, இந்த இரும்புக்காகவே நார்விக்கில் கடும் சண்டை நடந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த ரயில்தான். ஒரு ரயிலுக்கு 68 வேகன்கள்; வேகனுக்கு 100 டன் தாது. எல்லையில் பாதை கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நார்விக் வரை 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான தூரம் முழுக்க இறக்கம். இவ்வளவு பாரம் இறக்கத்தில் ஓடி வந்தால் பிடித்து நிறுத்த வேண்டாமா? அப்போது சக்கரங்கள் எஞ்சினின் மோட்டாரைச் சுற்றவைக்கின்றன. மின்சாரம் கொடுத்தால் சுழல்கிற மோட்டார், நாம் சுழற்றினால் மின்சாரம் தரும்! அந்த மின்சாரம் மேலே போகும் கம்பிக்கே திரும்புகிறது. காலி வேகன்கள் மறுபடி எல்லை வரை ஏறுவதற்கு அதுவே போதும். பாரம் கீழே இறங்குவதும் வேகன் காலியாக மேலே ஏறுவதும்தான் இதன் சூட்சுமம். தாது கடலோரத்தில் இருந்து மலைக்குப் போக வேண்டியிருந்தால் இது நடக்காது.

கிருனாவின் தாது சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு, சாய்த்து வைத்த பலகை மாதிரி பூமிக்குள் இறங்குகிறது. சாய்வு ஊர்ப் பக்கமாகவே இருப்பதுதான் வம்பு. ஆயிரம் மீட்டருக்கும் கீழே வெடி வைத்துத் தாதுவை எடுக்க எடுக்க, மேலே இருக்கும் பாறை சரிந்து அந்தப் பள்ளத்தை நிரப்புகிறது. தரையில் விழும் விரிசல் மெல்ல மெல்ல ஊரை நோக்கி வருகிறது. சுரங்கத்தை மூடுவதா, ஊரை நகர்த்துவதா? சுரங்கம் இல்லாவிட்டால் ஊருக்கே பிழைப்பு இல்லை. அதனால் சுமார் 3 கிலோமீட்டர் கிழக்கே புது மையம் கட்டினார்கள். 1912இல் கட்டிய பெரிய மர தேவாலயத்தைப் பிரிக்கவே இல்லை. 672 டன் எடையுள்ள அதை அப்படியே தூக்கி, பல சக்கர வண்டிகளில் வைத்து, 2025 ஆகஸ்ட்டில் இரண்டு நாளில் 5 கிலோமீட்டர் நகர்த்திவிட்டார்கள். பாதை போதாமல் சாலையையே அகலப்படுத்த வேண்டியிருந்தது.

2023இல் ஊருக்கு அருகே அரிய மண் தனிமங்கள் ஏராளமாக இருப்பதாகச் சுரங்க நிறுவனம் அறிவித்தது. மின்சார கார் மோட்டார்களின் காந்தத்துக்கு அவை தேவை. ஆனால் ஊர் உருவாகும் முன்பே அந்த நிலத்தில் பனிமான் மேய்த்து வந்தவர்கள் சாமி மக்கள். சுரங்கமும் ரயிலும் ஏற்கெனவே அவர்களுடைய மேய்ச்சல் நிலத்தைத் துண்டாக்கியிருக்கின்றன. புதுச் சுரங்கம் வந்தால், பனிமான் கூட்டம் ஒரு மேய்ச்சலிலிருந்து இன்னொரு மேய்ச்சலுக்குப் போகும் கடைசி வழியும் அடைபடும் என்கிறார்கள். காந்தத்துக்கான கணக்கில் அந்த வழியையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவர்கள் கேட்பது நியாயம்தான்.