நள்ளிரவில் உலாவும் புழு

வீங்கித் தடித்த காலைச் சுமந்து தள்ளாடி நடப்போரை நமது தென்மேற்குக் கரையோர ஊர்களில் ஒரு காலத்தில் அடிக்கடி காண முடிந்தது. யானைக்கால் என்னும் அந்நோய்க்கு நூலிழை போன்ற ஒரு புழுவே காரணம் என்பதையும், அதனைக் காவித் திரிவது நுளம்பு என்பதையும் இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். இவ்வறிவுக்கு வழி திறந்தவர் சேர் பற்றிக் மான்சன் என்னும் வைத்தியர்.

1844 ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்திற் பிறந்த மான்சன், 1871 முதல் சீனத்தின் அமோய்த் துறைமுகத்திற் பணியாற்றினார். யானைக்கால் நோயாளர் பலருக்குச் சத்திரசிகிச்சை செய்தார். கத்தி வீக்கத்தை அகற்றலாம். நோயின் வேரை அகற்றுமோ?

நோயாளரின் இரத்தத்தில் நுண்ணிய புழுக்குஞ்சுகள் நெளிவதை வேறு அறிஞர் முன்னரே கண்டிருந்தனர். அவை அங்கேயே வளர்ந்து பெருகின் மனிதன் மாண்டுபோவான். ஆதலால் அவை வளர்வதற்கு வேறோர் உயிர் வேண்டும் என மான்சன் சிந்தித்தார். இரத்தம் குடிக்கும் நுளம்பின்மேல் ஐயங்கொண்டார்.

1877 இல் அதனைச் சோதித்தார். அப்புழுக்களை உடலிற் கொண்டிருந்த ஹின் லோ என்னும் சீன வேலையாள் இரவில் ஓர் அறையிற் படுத்து, நுளம்புகளுக்குத் தம் இரத்தத்தை ஈந்தார். காலையில் அந்நுளம்புகளைப் பிடித்து, நாள்தோறும் சிலவற்றை அறுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்தார் மான்சன். புழுக்குஞ்சுகள் நுளம்பின் வயிற்றைத் துளைத்து மார்புத் தசையிற் புகுந்து வளர்வதைக் கண்டார். பின்னர் மற்றொரு விந்தையும் புலனாயிற்று. பகலில் இக்குஞ்சுகள் தோலருகே ஓடும் இரத்தத்தில் அருகியே காணப்பட்டன. நள்ளிரவிலோ திரளாகத் தோன்றின. நுளம்பு கடிக்கும் வேளையை அறிந்தே அவை உலாவந்தன போலும்!

ஆயினும் அறிஞரும் தவறுவர். நுளம்பு நீரில் மடிய, அந்நீரைப் பருகுவோரைப் புழு பற்றும் என அவர் கருதினார். 1900 இல் ஜோர்ஜ் லோ என்பார், புழு நுளம்பின் துதிக்கை வழியே வெளிப்படுவதைக் காட்டி அப்பிழையைத் திருத்தினார். அந்த லோ, மான்சனிடம் பயின்ற மாணவரே! மலேரியாவையும் நுளம்பே பரப்பும் என்ற மான்சனின் ஊகமே றொனால்ட் றொஸை ஆராய்ச்சியில் ஊக்கியது. 1899 இல் இலண்டனில் வெப்பவலய மருத்துவக் கல்லூரி தோன்றவும் மான்சனே காரணமாயினார். 1922 இல் அவர் காலமானார்.

இலங்கையில் 1947 இல் யானைக்கால் தடுப்பு இயக்கம் ஆரம்பிக்கப்பட்டது. அதன் ஊழியர் இரவு வேளையில் வீடு வீடாகச் சென்று விரல் நுனியில் இரத்தம் எடுத்தனர். உறக்கத்திற் தட்டி எழுப்பப்பட்டோர் சினந்ததும் உண்டு. பகலில் வந்தாலாகாதோ என அவர்கள் கேட்ட வினாவுக்கு அமோய் நகரிலேயே விடை கிடைத்திருந்தது. 2016 இல், யானைக்கால் இனி இந்நாட்டின் பொதுச் சுகாதாரப் பிரச்சினையன்று என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

அவ்வெற்றியிலே மான்சனுக்குப் பங்குண்டு. நுளம்புக் கடியைப் பொறுத்துக் கிடந்த ஹின் லோவுக்கும் பங்குண்டு என்பதை நாம் மறத்தலாகாது.